பண்டைப் பெருவின் விலங்குக் கலங்கள்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு நாட்டின் வடபகுதியில், ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மண்கலம் ஒன்றை வாசகர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அது ஒரு மானின் உருவம். அந்த மான் மேயவுமில்லை, ஓடவுமில்லை. மனிதனைப்போல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. உடலில் ஆடை இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. முதுகின்மேல் வளைந்தெழும் மண்குழாய் ஒன்று, இது சிற்பம் மட்டுமன்று, பானம் நிரப்பி வைப்பதற்குரிய பாத்திரமும் ஆகும் என்பதை உணர்த்துகிறது.

இத்தகைய கலங்கள் பல கிடைத்திருக்கின்றன. ஆகவே இது ஒரு குயவனின் தனி விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. மானைக் கைதியாக உட்காரவைத்த மக்கள் எதை நினைத்து அவ்வாறு செய்தார்கள்? அவர்களைக் கேட்க வழியில்லை. அவர்கள் எழுதிவைத்ததும் ஒன்றுமில்லை. ஆண்டிஸ் மலைப் பிரதேசத்தின் பண்டைய நாகரிகங்களுள் எதற்கும் எழுத்து இருந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. பிற்காலத்து இங்கா அரசினர் முடிச்சிட்ட கயிறுகளிலே கணக்கு வைத்தனர். ஸ்பானியர் 1532ஆம் ஆண்டில் பெருவினுள் புகுந்தபோது, இந்த மானைச் செய்த மோச்சே மக்களின் நாகரிகம் மறைந்து ஏழு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. எனவே மண்ணும், மண்ணிற்குள் அது கிடந்த இடமுமே நமக்குள்ள சாட்சிகள். அச்சாட்சிகளை ஆராய்ச்சியாளர் படிப்படியாக எவ்வாறு விசாரித்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் நீரும்

முதலில் அந்நாட்டின் இயற்கையைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். பெருவின் கடற்கரை ஒரு நீண்ட பாலைவனம். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரக் கடலைக் குளிர்வித்து வைத்திருக்கிறது. குளிர்ந்த நீரில் மீன்கள் ஏராளமாகப் பெருகுகின்றன. அக்குளிர்ச்சியே கடற்காற்றின் ஈரம் மேலெழுந்து மழையாகாமல் தடுத்துவிடுகிறது. கிழக்கே ஆண்டிஸ் மலையில் பெய்யும் மழை சிற்றாறுகளாகப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து சமுத்திரத்தை அடைகிறது. இவ்வாற்றுப் பள்ளத்தாக்குகளில் கால்வாய் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்ந்தவர்களே மோச்சே மக்கள். அவர்கள் காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரை எனக் கொள்ளப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். எல் நினோ என வழங்கும் அக்காலத்தில் வெப்ப நீர் கரையை வந்து சூழும், மீன்கள் அகன்றுவிடும், கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் பட்டினியால் மடியும், மழையே காணாத பாலைவனத்தில் வெள்ளம் புரளும். 1982-83, 1997-98 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தவை அண்மைக் காலத்தின் கொடிய உதாரணங்கள். சுடாத செங்கற்களால் கட்டப்பட்ட சுவர்கள் இம்மழையில் கரைந்து சேறாகிவிடும். இந்தச் சேற்றை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் அது முக்கியமான சாட்சியாக வரப்போகிறது.

கலம் உருவாகிய விதம்

அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள் குயவனின் சக்கரத்தை அறியார். மோச்சேக் குயவர் அச்சு முறையைக் கையாண்டனர். முதலில் மானோ ஆந்தையோ, வேண்டிய உருவத்தைக் களிமண்ணில் வடித்துக் காயவிடுவர். அதன்மேல் மற்றொரு களிமண் படலத்தை அப்பி, அது சிறிது இறுகியபின் இரு பாதிகளாக அறுத்தெடுத்துச் சுடுவர். இதுவே அச்சு. பிறகு ஒவ்வொரு பாதியினுள்ளும் ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தி, இரண்டையும் பொருத்தி, இணைப்பை உட்புறமாகத் தடவி மூடுவர். மேலே குழாயை ஒட்டி, வெண்ணிறமும் செந்நிறமுமான மண்குழம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகிட்டுச் சூளையிடுவர். செந்நிறம் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடினால் உண்டாவது. காற்றுத் தாராளமாகப் புகும் சூளையில் சிவப்பும், புகையடைத்துக் காற்றைத் தடுத்த சூளையில் கறுப்பும் தோன்றும். மோச்சேக்குப் பின் அதே கரையை ஆண்ட சிமு மக்கள் இந்தக் கறுப்புக் கலங்களையே பெரிதும் விரும்பினர்.

அச்சு இருந்தபடியால் ஒரே உருவத்தைப் பலமுறை செய்யமுடிந்தது. இது தொழில்நுட்பச் செய்தி மட்டுமன்று. ஓர் உருவம் ஊர்தோறும், கல்லறைதோறும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால்தான், அது எல்லோரும் அறிந்த ஒரு கதையைச் சேர்ந்தது என்று துணிய முடிகிறது.

கலத்தின் குழாய் சேணத்தின் அங்கவடியைப் போன்றது: உடலிலிருந்து இரு கிளைகளாக எழுந்து வளைந்து, உச்சியில் ஒன்றுகூடி ஒரே வாயாக முடியும். சிறிய வாயாதலால் நீர் விரைவில் ஆவியாகாது, எளிதில் சிந்தாது. கயிற்றில் கோத்துத் தொங்கவிடவும் தோதானது என்று கூறுவர். மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் சிச்சா என்னும் பானம் விழாக்களிலும் ஈமச் சடங்குகளிலும் இன்றியமையாததாக இருந்தது.

ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டத்தக்க மற்றொரு வகையும் உண்டு. அது சீழ்க்கைக் கலம். இரண்டு கலங்களை அடிப்பக்கத்தில் ஒரு குழாயால் இணைத்திருப்பார்கள். ஒன்றிற்குத் திறந்த வாய் உண்டு. மற்றொன்றின் மேல் ஒரு பறவை அல்லது குரங்கு அமர்ந்திருக்கும். அதனருகே சிறிய சீழ்க்கை மறைந்திருக்கும். நீர் வார்த்துக் கலத்தைச் சாய்த்தால், நீர் முதற்கலத்திலிருந்து இரண்டாவதற்கு ஓடி அங்குள்ள காற்றை நெருக்குகிறது. காற்று சீழ்க்கை வழியே வெளியேற, பறவை கூவுகிறது! காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்பதை இதைவிட இனிமையாக விளக்கும் கருவி அரிது.

மானும் கைதியும்

மோச்சேக் கலங்களில் காணப்படும் உயிரினங்களைப் பட்டியலிட்டால் ஒரு விலங்கியல் நூலே ஆகிவிடும். நரி, ஆந்தை, வெளவால், வாத்து, நண்டு, ஆக்டோபஸ், உடும்பையொத்த இகுவானா, தேரை, பாம்பு, லாமா, கடற்சிங்கம், பூமா, ஜாகுவார் என அவை விரியும். இங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டையும் கூறிவிடுகிறோம். ஜாகுவாரைச் சிறுத்தை என்றோ புலி என்றோ எழுதினால் வாசிப்பதற்கு எளிதுதான். ஆயினும் அது வேறு விலங்கு. அன்றியும் அது பாலைவனக் கரையில் வாழ்வதன்று. மலைக்கு அப்பாலுள்ள அமேசான் காடுகளுக்குரியது. தான் வாழாத நாட்டின் சமயத்தில் அவ்விலங்கு இடம்பெற்றிருப்பதே விளக்கம் வேண்டும் செய்தியாகும். மலைநாட்டில் சுமார் 3,180 மீட்டர் உயரத்தில் சாவின் தே ஹுவாந்தார் என்னும் பழங்கோயில் இருக்கிறது. மோச்சேக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய இக்கோயிலின் கற்சிற்பங்களில் ஜாகுவாரின் கோரைப்பற்களும், காட்டாற்று முதலையான கேமனின் உருவமும் காணப்படுகின்றன. இதைக் கண்ட பெருவின் புகழ்பெற்ற அறிஞர் ஜூலியோ தேய்யோ, ஆண்டிஸ் நாகரிகத்தின் மூலம் அமேசான் காடுகளிலேயே இருக்கவேண்டும் என்று வாதித்தார். அவர் கூறிய முழுவதையும் இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் கோரைப்பல் தெய்வத் தன்மையின் அடையாளம் என்பது நிலைத்துவிட்டது. மனித முகத்திலோ நண்டின் முகத்திலோ கோரைப்பல் தோன்றினால், அது சாதாரண மனிதனோ நண்டோ அன்று என்று கொள்ளவேண்டும்.

சில உருவங்களுக்கு இயற்கையிலேயே விளக்கம் கிடைக்கிறது. தேரையின் உடலில் மரவள்ளிச் செடி முளைத்திருக்கக் காண்கிறோம். நீரையும் விளைச்சலையும் இணைத்துப் பார்த்த உழவர்களின் எண்ணம் அது என்று கருதுவதில் தவறில்லை. கடற்சிங்கங்களின் வாயருகே சிறு வட்டங்கள் காட்டப்பட்டிருப்பது நீண்டகாலம் புதிராக இருந்தது. கடற்சிங்கங்கள் கூழாங்கற்களை விழுங்கும் வழக்கமுடையவை. அவற்றின் வயிற்றிலிருந்து கிடைக்கும் கற்களை வடபெருவின் நாட்டு வைத்தியர்கள் மருந்துக் குணமுள்ளவையாகப் போற்றுகிறார்கள் என்பதைக் கிறிஸ்டோபர் டானன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டியபின் அப்புதிர் அவிழ்ந்தது.

மானின் செய்தி இவ்வளவு எளிதாக முடியவில்லை. கலங்களின்மேல் மெல்லிய கோடுகளால் தீட்டப்பட்ட மான் வேட்டைக் காட்சிகளில், வேட்டையாடுவோர் விலையுயர்ந்த தலையணிகளும் ஆடைகளும் பூண்ட பிரபுக்களாக இருக்கின்றனர். ஆனால் மோச்சே ஊர்களின் குப்பைமேடுகளைச் சலித்துப் பார்த்தால் லாமா, கினி எலி, மீன் ஆகியவற்றின் எலும்புகளே மிகுதி. மான் எலும்பு அரிது. ஆகவே மானை உணவுக்காக வேட்டையாடினார்கள் என்று கூறுவதற்கில்லை. இனிப் போர்க்காட்சிகளைப் பார்ப்போம். அங்கே வீரர் பகைவனைக் கொல்ல முயல்வதில்லை. தண்டால் அடித்து வீழ்த்தி, தலையணியைப் பறித்து, ஆடையைக் களைந்து, கழுத்தில் கயிறு கட்டி இழுத்துச் செல்கிறார்கள். மானையும் தண்டால் அடிக்கிறார்கள். இரு காட்சிகளும் ஒரே சடங்கின் இரு வடிவங்கள் என்பது டானனின் முடிவு. சம்மணமிட்டிருக்கும் நிர்வாண மானின் கயிறு இவ்வாறுதான் பொருள் பெறுகிறது.

கைதிகளின் கதி என்ன? அதையும் ஓவியங்கள் காட்டுகின்றன. கைதியின் கழுத்து அறுக்கப்படுகிறது; இரத்தம் ஒரு கிண்ணத்தில் ஏந்தப்பட்டு, ஒளிக்கதிர் சூழ்ந்த தலைவன் ஒருவனுக்கு அளிக்கப்படுகிறது. அளிப்பவர்களுள் ஒருவன் பாதி மனிதன், பாதி பறவை. மற்றொருத்தி குஞ்சங்கள் பொருந்திய தலையணியுடைய பெண். 1970களில் இக்காட்சி விரிவாக ஆராயப்பட்டபோது, இது தேவலோகத்தில் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்ட புராணக் கதையாகவே தோன்றியது. பறவை மனிதன் எங்கேனும் உண்டா?

கல்லறை அளித்த விடை

1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லம்பாயெக்கே பள்ளத்தாக்கில் சிபான் என்னும் சிற்றூரருகே, மழையால் அரிக்கப்பட்ட ஒரு மண்மேட்டில் புதையல் கொள்ளையர் சுரங்கம் தோண்டிப் பொற்பொருள்களை எடுத்தனர். போலீசார் அறிந்து தெரிவிக்கவே, வால்ட்டர் ஆல்வா என்னும் புதைபொருள் ஆராய்ச்சியாளர் அவ்விடத்தைக் காவலிட்டு முறையாக அகழத் தொடங்கினார். முதலில் ஓர் அறையில் 1,137 மண்கலங்கள் கிடைத்தன. அதன்பின் கொள்ளையர் கை படாத கல்லறை ஒன்று வெளிப்பட்டது. மரப்பெட்டியினுள், பொன்னும் வெள்ளியும் செம்பும் சூழக் கிடந்தவனை இன்று சிபான் தலைவன் என்று அழைக்கிறோம். அவனோடு உடனிறந்தோரும், ஒரு நாயும், லாமாக்களும் புதைக்கப்பட்டிருந்தன.

அவனுடைய பிறைவடிவத் தலையணி, மூக்கணி, இடுப்பின் பின்புறம் தொங்கும் தகடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது, ஓவியத்தில் கிண்ணத்தைப் பெறும் ஒளிக்கதிர்த் தலைவனின் அணிகளோடு அவை பொருந்தின. அடுத்துத் திறக்கப்பட்ட மற்றொரு கல்லறையில் கிடந்தவனின் தலையணியில், சிறகு விரித்த ஆந்தை ஒன்று பொன்முலாம் பூசிய செம்பில் அமைக்கப்பட்டிருந்தது. அவனருகே ஒரு செம்புக் கிண்ணமும் இருந்தது. பறவை மனிதன் இவனே! 1991இல் ஹெக்கெடெபெக்கே பள்ளத்தாக்கிலுள்ள சான் ஹோசே தே மோரோ என்னுமிடத்தில், குஞ்சத் தலையணியுடன் புதைக்கப்பட்ட பெண்ணின் கல்லறையும் அகழப்பட்டது. சிபானுக்கும் இதற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. எனவே இப்பதவிகள் தலைமுறை தலைமுறையாக ஒருவர்பின் ஒருவராக ஏற்று நடத்தப்பட்டவை என்று தெரிகிறது. கலத்தின்மேல் கண்ட ஆந்தை, பாதி தெய்வமாகவும் பாதி மனிதனாகவும் வேடம் பூண்ட ஒரு குருவின் உருவமாயிற்று.

பலியும் கற்பனையன்று என்பதற்கு 1995இல் சான்று கிடைத்தது. மோச்சே ஆற்றங்கரையில், சந்திரன் கோயில் எனப் பிற்காலத்தார் பெயரிட்ட ஹுவாக்கா தே லா லூனாவின் ஒரு முற்றத்தை ஸ்டீவ் பூர்ஜே அகழ்ந்தார். குறைந்தது 70 பேருடைய எலும்புகள் அங்கு சிதறிக் கிடந்தன, அனைவரும் ஆடவர். பலருடைய கழுத்தெலும்புகளில் கத்தி வெட்டிய தழும்புகள் இருந்தன. எலும்புகளுள் ஒரு பகுதி, உலர்ந்த மணலிலன்றி இறுகிய சேற்றினுள் புதைந்து கிடந்தது. அச்சேறு, பெருமழையில் கோயிற் சுவர்களே கரைந்து வழிந்த சேறு. எல் நினோவின் நடுவே, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே பலிகளுட் சில நிகழ்ந்தன என்பது பூர்ஜேயின் முடிவு. நிலமும் கடலும் ஒருசேரக் கைவிட்ட வேளையில் அம்மக்கள் செய்த முறையீடு அது. கொல்லப்பட்டோர் அயற்பள்ளத்தாக்கின் போர்க்கைதிகளா, உள்ளூர்ப் பிரபுக்களிடையே நடந்த சடங்குப் போரில் தோற்றவர்களா என்பதில் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

எலும்புகளுக்கிடையே களிமண் உருவங்களும் கிடந்தன: கழுத்தில் கயிற்றுடன் உட்கார்ந்திருக்கும் நிர்வாண ஆடவர்கள். அவை வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருந்தன. மான் கலத்தின் அமர்நிலையும் கயிறும் அப்படியே இவற்றிலும் உள்ளன.

மலைநாட்டிலும் தென்கரையிலும்

ஆண்டிஸ் பிரதேசம் முழுவதற்கும் ஒரே விளக்கத்தைப் பொருத்துவது தவறு. தென்கரையின் நாஸ்கா மக்கள் அச்சுச் சிற்பத்தைவிட வண்ணத்தை நாடினர். சுடுவதற்கு முன்பே பல நிற மண்குழம்புகளால் கலங்களைத் தீட்டினர். அங்கே கொலைத் திமிங்கிலத்திற்கு மனிதக் கை முளைத்திருக்கும். அக்கையில் கத்தியோ வெட்டுண்ட தலையோ இருக்கும். நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்த உண்மைத் தலைகளும் அந்நாட்டு அகழ்வுகளில் கிடைத்திருக்கின்றன.

டிட்டிகாகா ஏரிக்கரையின் திவானாகு மக்கள் பூமா வடிவில் தூபக்கலங்கள் செய்தனர். சூரியத் தீவினருகே நீருள் மூழ்கியிருக்கும் கோவா என்னும் பாறைத்திட்டில் நீர்மூழ்கி ஆராய்ச்சியாளர் இத்தகைய தூபக்கலங்களையும், பொற்றகடுகளையும், இளம் லாமாக்களின் எலும்புகளையும் எடுத்தனர். அவ்வாராய்ச்சியின் விவரம் 2019இல் வெளியாயிற்று. வெப்பக் கடலிலிருந்து வெகுதூரம் கொண்டுவரப்பட்ட ஸ்பாண்டிலஸ் என்னும் செஞ்சிப்பியும் காணிக்கைகளுள் இருந்தது. ஏரித் தெய்வத்திற்குச் செலுத்திய காணிக்கை ஆதலால், படகிலிருந்து நீரில் இறக்கப்பட்டதாகக் கொள்கின்றனர்.

வாய்மொழிக் கதைகளும் ஒருவாறு துணைபுரிகின்றன. லீமா நகருக்குக் கிழக்கேயுள்ள ஹுவாரோசிரி மலைநாட்டின் கதைகள், ஏறக்குறைய 1608இல் கெச்சுவா மொழியில் எழுதிவைக்கப்பட்டன. அதில் ஒரு கதை: பால்வீதியின் நடுவே கரிய திட்டாகத் தோன்றும் லாமா, நள்ளிரவில் எவரும் அறியாமல் இறங்கிவந்து கடல்நீரைக் குடிக்கிறது, அது குடியாவிடில் உலகம் மூழ்கிப்போகும். மற்றொரு கதையில் பெருவெள்ளத்திற்கு அஞ்சிய விலங்குகளெல்லாம் ஒரு மலையுச்சியில் நெருங்கி நிற்க, இடமில்லாமல் நரியின் வால் நீரில் நனைந்துவிடுகிறது. நரிவாலின் நுனி கறுத்தது அதனாலேயாம். இக்கதைகள் மோச்சே மக்களுக்கு எட்டு நூற்றாண்டுகள் பிற்பட்டவை, வேறு நாட்டவை. இவற்றைக்கொண்டு ஒவ்வொரு நரிக் கலத்திற்கும் பொருள் எழுதும் வழக்கம் சில நூல்களில் காணப்படுகிறது. எம் அபிப்பிராயத்தில் அது துணிச்சலேயன்றி ஆராய்ச்சியாகாது.

இடம் இழந்த கலங்கள்

ரஃபேல் லார்கோ ஹோய்லே 1926இல் நிறுவி, பின்னர் லீமாவிற்கு மாற்றிய பொருட்காட்சிசாலையில் சுமார் 45,000 பொருள்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி மண்கலங்கள். குழாயின் வளைவும் விளிம்பும் காலப்போக்கில் மாறிய விதத்தைக் கவனித்து, மோச்சேக் கலங்களை ஐந்து காலப்பகுதிகளாக 1948இல் பிரித்தவரும் அவரே. இடக்குறிப்பு இல்லாத கலத்திற்கும் ஏறத்தாழ ஒரு காலத்தைக் குறிக்க அது உதவியது. பிற்கால அகழ்வுகளில் அவ்வரிசை எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் பொருந்தவில்லை என்று கண்டபோதிலும், அவர் செய்த உதவி பெரிது.

குழாயின் விளிம்பைக் கொண்டு காலத்தை ஊகிக்கலாம். அக்கலம் யாருடைய தலைமாட்டில் இருந்தது, அதனுடன் எவை இருந்தன, அது முழுமையாக வைக்கப்பட்டதா உடைத்து எறியப்பட்டதா, கீழே கிடந்தது மணலா சேறா என்பவற்றைக் கலம் தானே சொல்லாது. கொள்ளை அந்நாட்டில் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பானியர் மோச்சே ஆற்றைத் திருப்பிவிட்டுச் சூரியன் கோயிலின் பெரும்பகுதியைக் கரைத்துப் பொன் தேடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்சிங்கங்கள் வாழும் மக்காபி தீவில் பறவை எருவை வெட்டியெடுத்தபோது, கழுத்தில் கயிறு கட்டிய மரக் கைதிகள் எருவினடியிலிருந்து வெளிப்பட்டன. அவற்றுட் சில லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தன. அந்தத் தீவில் அவற்றை யார், எச்சடங்கில், எவற்றோடு வைத்தனர் என்பதை எரு வெட்டியவர்கள் குறித்துவைக்கவில்லை.

மானைக் கைதியாகக் காட்டும் கலங்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. கண்ணாடிப் பேழைகளில் அவற்றின் கீழுள்ள சீட்டுகளைப் படித்தால், 'பெரு, வடகரை' என்பதற்குமேல் இடக்குறிப்பு காண்பது அரிது.